வெறும் தகடா, எலும்புக்கூடா? சிறிய பழைய காரின் உடலை வெட்டும் முன் அறிய வேண்டியவை

பழைய சிறிய கார் ஒன்றை வாங்கியவுடன் அதைத் தன் விருப்பம்போல் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்குவது, பெரிய எஞ்சினுக்கு இடம் செய்வது, அகலமான சக்கரங்களுக்காக மட்கார்டின் உட்புறத்தை வெட்டுவது, நடுவில் ஒரு துண்டை நீக்கி நீளத்தைக் குறைப்பது என்று இந்த ஆசை பல வடிவங்களை எடுக்கும். இதைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் காதில் விழும் ஒரு வாசகம், "அது வெறும் தகடுதானே" என்பது. விரலால் அழுத்தினாலே உள்ளே போய்த் திரும்புகிற ஒரு தகட்டை நீக்குவதால் ஒரு முழு வண்டிக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைப்பது இயல்புதான். அந்த நினைப்பு சில வண்டிகளுக்கு ஓரளவு பொருந்தும். வேறு சில வண்டிகளுக்கு அது உயிரோடு விளையாடுவதாகிவிடும். எது எந்த வகை, ஏன் அப்படி என்பதை முதலிலிருந்து பார்ப்போம். கணிதமோ பொறியியல் படிப்போ இதற்குத் தேவையில்லை.

மூடி ஒட்டிய பெட்டியும் மூடி கழற்றிய பெட்டியும்

செருப்பு வைத்து விற்கும் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு முனைகளையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் பெட்டி முறுக்கிக்கொள்ளும். இப்போது மூடியைப் போட்டு, அதன் விளிம்பு முழுவதையும் ஒட்டும் நாடாவால் சுற்றி ஒட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். அதே அட்டைதான், மூடி மட்டும்தான் கூடியிருக்கிறது. ஆனால் பெட்டி இப்போது மரக்கட்டைபோல் நிற்கும். மூடியை ஒட்டாமல் சும்மா மேலே வைத்துத் திருகினால் மூடி தன்பாட்டுக்கு நழுவும், பெட்டி பழையபடி முறுக்கும். ஆகவே மூடி இருப்பது மட்டும் போதாது, அது நான்கு பக்கமும் பிடிபட்டிருக்க வேண்டும் என்பதும் இதே சோதனையில் தெரிந்துவிடுகிறது.

இதற்குக் காரணம் எளியது. ஒரு தகட்டையோ அட்டையையோ மடக்குவது எளிது. ஆனால் அதைத் தட்டையாகவே வைத்துக்கொண்டு அதன் நீள்சதுர வடிவத்தைச் சாய்ந்த சதுரமாக இழுக்க முயன்றால் அது அசையாது. பெட்டி முறுக்க வேண்டுமானால் அதன் ஆறு முகங்களும் அப்படிச் சாய்ந்தாக வேண்டும். ஆறு முகங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும்வரை எதுவும் சாய முடியாது. ஒரு முகம் போய்விட்டால் அந்தப் பக்கத்து வாய் சாயத் தொடங்குகிறது, மற்ற ஐந்தும் அதன் பின்னால் போகின்றன.

விரலால் அழுத்தும்போது உள்ளே போகிற தகடு பலவீனமானது என்று முடிவு கட்டுவதில்தான் முதல் பிழை நடக்கிறது. அழுத்துகிறவர் அதன் மெலிந்த திசையைச் சோதிக்கிறார். வண்டி அதை வேறு திசையில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு கார்கள்

கார்களின் உடலமைப்பை இரண்டு பெரும் வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில், அடியில் தடித்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அதற்குச் சேசிஸ் என்று பெயர். எஞ்சின், சக்கரங்கள், ஸ்பிரிங்குகள் எல்லாம் அந்தச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும், உடல் அதன்மேல் போல்ட்டு போட்டு உட்காரவைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது வகையில் தனிச் சட்டம் கிடையாது. தரை, பக்கங்கள், தூண்கள், கூரை என்று மெல்லிய தகடுகளை மடித்து, பற்றவைத்து உருவாக்கிய உடலே எல்லாப் பளுவையும் தாங்கும். இந்த அமைப்புக்கு மோனோகாக் என்று பெயர். முதலாவது, எலும்புக்கூட்டின்மேல் சட்டை போட்டதுபோல. இரண்டாவதற்கு நண்டு நல்ல உவமை, ஓடே அதன் எலும்பு.

1959-இல் பிரிட்டனில் இரண்டு சிறிய கார்கள் வெளிவந்தன. ஒன்று அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி. மற்றொன்று டிரையம்ப் ஹெரால்டு. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதன் கூரையே போல்ட்டு போட்டுப் பூட்டப்பட்ட தனிப்பகுதி என்பதால், அதைக் கழற்றித் திறந்த வண்டியாக்கிக்கொண்டவர்கள் ஏராளம். மினி மோனோகாக் வகை. ஏறக்குறைய 3.05 மீட்டர் நீளமும் 600 கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட அந்த வண்டியில் நான்கு பேர் உட்கார முடிந்ததற்கு, சட்டம் என்ற ஒன்றுக்கு இடமும் எடையும் ஒதுக்காமல் தோலையே எலும்பாக்கிய துணிச்சல் ஒரு காரணம். ஹெரால்டுக்குச் செய்ததை மினிக்கும் செய்யலாம் என்று நினைப்பவர், தோற்றத்தில் ஒரே காலத்தவையான இரண்டு வண்டிகளின் உள்ளே இருக்கும் அடிப்படை வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்.

நடுவில் நிற்கும் வண்டிகளும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அவற்றில் முக்கியமானது. அதன் தரைத்தகடும் நடுவே ஓடும் சுரங்கம் போன்ற முதுகெலும்பும் சேர்ந்து ஓட்டக்கூடிய ஒரு தளமாகவே அமைந்திருக்கும். உடல் அதன் விளிம்பைச் சுற்றி வரிசையாகப் போல்ட்டுகளால் பூட்டப்படும். உடலைக் கழற்ற முடிகிறது என்பதால் உடலுக்கு வேலையே இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் போல்ட்டு வரிசை நம் அட்டைப்பெட்டியின் ஒட்டும் நாடா செய்ததைச் செய்கிறது. இறுக்கிய பிறகு உடலும் தளமும் சேர்ந்தே முறுக்கத்தை எதிர்க்கின்றன.

இதுவரை பார்த்ததை இரண்டு வரியில் சொல்வதானால்: தனிச் சேசிஸ் உள்ள வண்டியில் உடலின் பல பகுதிகள் சுமை, மோனோகாக் வண்டியில் அவை சுமப்பவை. கையில் கிரைண்டரை எடுப்பதற்கு முன்னால் தன் வண்டி எந்த வகை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

விறைப்பும் வலிமையும் ஒன்றல்ல

இந்தப் பேச்சில் அதிகம் குழப்பப்படும் சொற்கள் இவை இரண்டும். விறைப்பு என்பது, பளு ஏறும்போது ஒரு பொருள் எவ்வளவு குறைவாக வளைகிறது அல்லது முறுக்குகிறது என்பதைக் குறிக்கும். வலிமை என்பது, உடையாமலும் நிரந்தரமாக உருமாறாமலும் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்பது. கனமான மீன்பிடி வலைக்கயிறு வலிமையானது, ஆனால் விறைப்பற்றது. கண்ணாடித் தகடு விறைப்பானது, ஆனால் ஒரு தட்டில் உடையும். வெட்டப்பட்ட கார் உடையாமல் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டி "பலமாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர் வலிமையைப் பற்றிப் பேசுகிறார். அவர் இழந்திருப்பதோ பெரும்பாலும் விறைப்பை. அந்த விறைப்பிழப்பு பின்னாளில் வலிமையையும் தின்னும். எப்படி என்பதைச் சற்றுப் பின்னால் பார்க்கலாம்.

வண்டியின் உடலுக்கு வரும் சோதனை இரண்டு. முதலாவது வளைவு: முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் இரண்டு முனைகளில் தாங்கி நிற்க, நடுவில் உட்கார்ந்திருப்பவர்களின் எடை உடலைக் கீழ்நோக்கித் தொய்யவைக்கப் பார்க்கும். இரண்டாவது முறுக்கம்: ஒரு முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது, வண்டியின் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் திரும்பப் பார்க்கும். துணியைப் பிழிவதுபோன்ற அந்த இழுப்புதான் முறுக்கம். சிறிய பழைய கார்களில் வளைவைச் சமாளிப்பது எளிது, ஏனென்றால் அவை குட்டையானவை. தொல்லை தருவது முறுக்கம்தான், கூரையும் தடுப்புச் சுவர்களும் பெரும்பங்கு ஆற்றுவதும் அங்கேதான்.

முறுக்க விறைப்பை அளக்கும் முறை புரிந்துகொள்ளக்கூடியதே: உடலின் பின்பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்பக்கத்தை ஒரு டிகிரி முறுக்க எத்தனை நியூட்டன் மீட்டர் திருகுவிசை வேண்டும் என்று பார்க்கிறார்கள். இன்றைய கார்களில் அது 20,000-ஐத் தாண்டுவது சாதாரணம். 1950, 60-களின் சிறிய கார்களில் அது சில ஆயிரங்களில்தான் இருக்கும். கணக்குக்காக 4,000 என்று வைத்துக்கொள்வோம். மேடுபள்ளத்தில் 2,000 நியூட்டன் மீட்டர் முறுக்கம் வந்தால் உடல் அரை டிகிரி திரும்பும். சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர் அகலமுள்ள வண்டியில் அது ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் இடையே ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயர வேறுபாடு. கூரையை அறுத்ததால் விறைப்பு 1,000-ஆகக் குறைந்தது என்றால், அதே பள்ளத்தில் திரும்பும் அளவு 2 டிகிரி, வேறுபாடு 40 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் ஒரு பகுதிதான் கதவு வாயிலில் தெரியும் என்றாலும், கதவைச் சுற்றி விட்டிருக்கும் இடைவெளியே நாலைந்து மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு பிளவு போதும்

மோனோகாக் உடல் என்பது மெல்லிய குழாய்களின் கூட்டம். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி வடிவப் பகுதி ஒரு குழாய்; அதைச் சில் என்பார்கள். முன்கண்ணாடியின் இருபுறமும் நிற்கும் தூண், கூரையின் பக்க விளிம்பு, தரையின் குறுக்கே போகும் விட்டம் எல்லாமே தகட்டை மடித்து மூடிய குழாய்கள்தான். மூடிய என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும்.

50 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தகட்டுக் கனமும் உள்ள ஓர் இரும்புக் குழாயை எடுத்துக்கொள்வோம். அதை நீளவாட்டில் ஒரே ஒரு கோடாக, ஒரு ரம்பத்தின் அகலத்துக்கு மட்டும், பிளந்துவிடுவோம். இரும்பு ஏறக்குறைய முழுவதும் அப்படியே இருக்கிறது. தராசில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்பு ஏறத்தாழ 1,800 மடங்கு குறைந்துவிடும். எழுத்துப்பிழை என்று எண்ண வேண்டாம். குழாயின் சராசரி ஆரத்தைத் தகட்டுக் கனத்தால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்கினால் இந்த எண் வரும். ஒரு தாளைச் சுருட்டிக் குழாயாக்கி, ஓரத்தை ஒட்டாமல் ஒருமுறையும் ஒட்டிவிட்டு ஒருமுறையும் முறுக்கிப் பார்ப்பவருக்குக் கணக்கே தேவைப்படாது.

நான் இந்தக் கட்டுரையை எழுத முனைந்ததற்கு இந்த ஒரு செய்தியே முதற்காரணம். சில்லின் உட்பக்கத் தகட்டில் ஒயர் போக நீளமான பிளவு வெட்டுவது, துருப்பிடித்த கீழ்விளிம்பை அறுத்துவிட்டு மேலே ஒரு மூடித்தகட்டை இரண்டு மூன்று புள்ளிகளில் மட்டும் பற்றவைப்பது போன்ற சிறிய வேலைகள் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் அவை மூடிய குழாயைத் திறந்த குழாயாக்கிவிடுகின்றன.

மினியில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு உண்டு. அதன் உடல் தகடுகள் சேரும் இடங்களில் பற்றவைப்பு விளிம்புகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முன் மட்கார்டுக்கும் கதவுக்கும் இடையே மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வரப்பு போன்ற அந்த விளிம்பைப் பார்த்தவுடன் இது மினி என்று சொல்லிவிடலாம். அதை அழகுக்காக அறுத்துத் தேய்த்து வழவழப்பாக்கும் பழக்கம் உள்ளது. அந்த விளிம்புதான் இரண்டு தகடுகளையும் பிடித்திருக்கும் தையல். சட்டையின் தையலைப் பிரித்துவிட்டு மேலே பசை தடவியதுபோல், விளிம்பை அறுத்துவிட்டு மேலே புட்டியைப் பூசி வண்ணம் அடித்தால், பார்க்க அழகாக இருக்கும் அந்த மூலையில் இணைப்பு என்று எதுவும் மிஞ்சியிருக்காது. அறுக்கத்தான் வேண்டும் என்றால், அறுத்த கோடு முழுவதும் இடைவிடாத பற்றவைப்பு ஓட வேண்டும்.

பளு நடந்து போகும் பாதை

ஒரு முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. அந்த நொடியில் சக்கரம் மேலே தள்ளும் விசை, வண்டி நிற்கும்போது அதன்மேல் உள்ள எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். அந்த விசை எங்கே போகிறது என்று ஒரு விரலை வைத்து உடலின்மேல் தொடர்ந்து பாருங்கள். சக்கரத்திலிருந்து ஸ்பிரிங்குக்கு, ஸ்பிரிங்கின் தலையிலிருந்து மட்கார்டின் உட்சுவருக்கு அல்லது சஸ்பென்ஷனை (சக்கரத்தை உடலோடு இணைக்கும் ஸ்பிரிங் அமைப்பை) தாங்கும் துணைச்சட்டத்துக்கு, அங்கிருந்து எஞ்சினுக்கும் பயணிக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவருக்கு. அந்தச் சுவரில் விசை பிரிகிறது. ஒரு பங்கு கீழிறங்கிச் சில் வழியாகப் பின்னோக்கி ஓடும். இன்னொரு பங்கு முன்தூண் வழியாக ஏறிக் கூரை விளிம்பில் நடந்து, பின்தூண் வழியாக இறங்கும். மற்றொன்று தரையின் நடுச்சுரங்கத்தில் போகும். பின்னிருக்கையின் பின்னால் இவை மறுபடி கூடிப் பின்சக்கரங்களை அடைகின்றன.

இந்த வழித்தடத்துக்குப் பளுப்பாதை என்று பெயர். ஆற்றில் ஒரு கிளையை அடைத்தால் நீர் நின்றுவிடாது, மற்ற கிளைகளில் கரை ததும்ப ஓடும். கூரைப்பாதையை வெட்டினால் அந்தப் பங்கு முழுவதும் சில்லுக்கும் சுரங்கத்துக்கும் வந்து சேரும். தன் பங்கை மட்டும் சுமக்க வடிவமைக்கப்பட்ட சில், இப்போது இரண்டு பங்கைச் சுமக்கிறது; அதுவும் பல ஆண்டுத் துருவோடு.

கூரை இல்லாமலே பிறந்த வண்டிகள் சொல்வது

"தொழிற்சாலையிலேயே கூரையில்லாமல் விற்றார்களே" என்பது அடிக்கடி வரும் எதிர்வாதம். விற்றார்கள் என்பது உண்மை. எப்படி விற்றார்கள் என்று பார்த்தால் வாதம் திரும்பிவிடும்.

கார் உடல்களைக் கட்டித்தரும் ஜெர்மானிய நிறுவனமான கார்மன் 1949 முதல் கட்டிய திறந்த பீட்டிலில், சில்களுக்கு அடியில் நீளவாட்டில் கூடுதல் வலுவூட்டிகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. விளைவாக, கூரை இல்லாத வண்டி கூரை உள்ளதைவிட எடை கூடியதாக இருந்தது. எடுத்ததைவிடச் சேர்த்தது அதிகம் என்பதை இந்த ஒரு செய்தியே காட்டிவிடுகிறது. 1964-இல் விற்பனைக்கு வந்த மினி மோக் இன்னும் தெளிவாகப் பேசும். அதற்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் முழங்கால் உயரத்துக்கு எழும்பும் அகலமான, மூடிய பெட்டிகள் இரண்டு நீளவாட்டில் ஓடுகின்றன. பெட்ரோல் தொட்டியையே ஒரு பக்கத்துப் பெட்டிக்குள் வைத்துவிடும் அளவுக்கு அவை பெரியவை. உள்ளே ஏற அவற்றைத் தாண்டித்தான் காலை வைக்க வேண்டும். அந்த இடைஞ்சலை வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே ஏற்றுக்கொண்டார்கள். 1922-இல் காட்சிக்கு வந்த லான்சியா லாம்டாவும், தனிச் சேசிஸ் இல்லாத திறந்த வண்டியாக இருந்ததால், உயர்ந்த பக்கச் சுவர்களையே நம்பியிருந்தது.

1957-இன் ஃபியட் 500-இல் துணிக்கூரை இருந்ததே என்று கேட்கலாம். அதில் திறந்தது கூரையின் நடுப்பகுதி. தூண்களையும் அவற்றை மேலே இணைக்கும் பக்க விளிம்புகளையும் அப்படியே விட்டிருந்தார்கள். பெட்டியின் மூடியில் சன்னல் வெட்டுவதற்கும் மூடியையே பிய்த்தெறிவதற்கும் உள்ள தூரம் அது. துணிக்கூரையின் காற்றோட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

சுருங்கச் சொன்னால், கூரையை எடுத்தவர்கள் அதன் வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுத்தான் எடுத்தார்கள். பெரும்பாலும் ஆழமும் அகலமும் கூட்டப்பட்ட சில்லுக்கு.

கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் மற்ற வெட்டுகள்

எல்லா வெட்டும் ஒரே அளவு ஆபத்தானதல்ல. கழற்றி மாட்டக்கூடிய போனெட், பம்பர், போல்ட்டு போட்டுப் பூட்டிய மட்கார்டு ஆகியவற்றைப் பெரும்பாலும் அச்சமின்றி மாற்றலாம். பற்றவைக்கப்பட்டவற்றை அப்படிக் கருத முடியாது.

மினியின் முன்பகுதியை முழுவதும் அறுத்துவிட்டு, ஒரே துண்டாக முன்னோக்கித் தூக்கித் திறக்கும் கண்ணாடியிழை மூக்கைப் பொருத்துவது பரவலான மாற்றம். எஞ்சினையும் முன் சக்கரங்களையும் தாங்கும் துணைச்சட்டம் மேலே தடுப்புச் சுவரிலும், பின்னே தரையிலும், முன்னே அந்த முன்தகட்டிலும் பிடிபட்டிருக்கும். முன்தகடு போனால் மூன்று பிடிகளில் ஒன்று போகிறது. மட்கார்டின் உட்சுவர் தந்த ஆதரவும் போகிறது. ஆகவேதான் இதை முறையாகச் செய்பவர்கள் தடுப்புச் சுவரிலிருந்து துணைச்சட்டத்தின் முன்முனைக்குக் குழாய்த் தாங்கிகளைக் கொடுக்கிறார்கள்.

பின்னிருக்கைக்கும் டிக்கிக்கும் நடுவே உள்ள சுவரை ஒலிபெருக்கிக்காகவோ பேட்டரிக்காகவோ திறந்துவிடுவது, வெளியே ஒன்றும் தெரியாத வெட்டு. பெட்டியின் குறுக்குச் சுவர் அது. பின்பாதி முறுக்காமல் காப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. சக்கர வளைவை அறுக்கும்போது உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்த விளிம்பு போய்விடுகிறது. இரண்டையும் மறுபடி மூடிப் பற்றவைக்க வேண்டும்.

விரிசல் ஏன் மூலையில் பிறக்கிறது

தகட்டில் ஓடும் விசையை, ஒரு பரப்பின்மேல் எவ்வளவு செறிவாக ஓடுகிறது என்று பார்த்தால் அதற்குத் தகைவு என்று பெயர். அகலமான தகட்டை இழுக்கும்போது, நடுவில் ஒரு வட்டத்துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும். துளை வட்டமாக இல்லாமல் கூரான மூலையோடு இருந்தால் இன்னும் பல மடங்கு. துணிக்கடையில் துணியின் ஓரத்தில் சிறிதாக ஒரு வெட்டு போட்டுவிட்டு இழுத்துக் கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிறு வெட்டின் நுனியில் நடப்பது இதுதான்.

ஒரே இடம் மீண்டும் மீண்டும் வளைந்து நிமிரும்போது, ஒரே தடவையில் உடைக்கப் போதாத பளுகூட, இலட்சக்கணக்கான தடவைகளுக்குப் பிறகு விரிசலை உண்டாக்கும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். கம்பியை ஒடிக்க அதை முன்னும் பின்னும் மடக்குகிறோமே, அதன் மெதுவான வடிவம். விறைப்பிழப்பு வலிமையைத் தின்னும் என்று முன்னே சொன்னது இதைத்தான்: அதிகம் அசையும் உடல் வேகமாகச் சோர்கிறது. ஆறு மாதம் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை என்பதில் ஆறுதல் கொள்ள இடமில்லை. சோர்வு ஆறு மாதமும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கும்.

கூரை அறுக்கப்பட்ட ஒரு சிறிய காரை ஒருமுறை பட்டறையில் அருகிருந்து பார்த்தேன். வண்ணம் புதிது, பளபளப்பு குறையவில்லை. முன்தூண் தடுப்புச் சுவரில் வந்து சேரும் மூலையில், கிரைண்டர் சற்று அதிகமாக ஓடிவிட்ட இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு கோடு இருந்தது. வண்ணத்தில் வந்த கீறல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருவர் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அந்தக் கோடு திறந்தது. அவர் இறங்கியதும் மூடிக்கொண்டது. கோட்டின் ஓரத்தில் காபிப்பொடிபோல் பழுப்புத் துரு கசிந்திருந்தது. அது வண்ணத்தில் வந்த கீறல் அல்ல, தகடே பிளந்திருந்தது.

தடித்த குழாயைப் பற்றவைத்தால் சரியாகிவிடாதா?

வெட்டியதற்கு ஈடாகக் கனமான சதுரக் குழாயைத் தரையில் பற்றவைப்பது வழக்கமான பதில். குழாய் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். எங்கே, எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் கனமுள்ள குழாயின் முனையை 0.9 மில்லிமீட்டர் தகட்டின் நடுவில் நேரடியாகப் பற்றவைத்தால், அசையாத குழாய்க்கும் அசையும் தகட்டுக்கும் இடையே உள்ள அந்தக் கோட்டில் தகைவு குவிந்து, பற்றவைப்பை ஒட்டித் தகடு கிழியும். அகலமான ஒரு பட்டைத் தகட்டை இடையில் கொடுத்து, விசையைப் பரப்பிவிட வேண்டும். குழாயின் இரு முனைகளும் ஏற்கெனவே விறைப்பான இடங்களில், அதாவது பளுப்பாதையின் சந்திகளில், போய்ச் சேர வேண்டும். காற்றில் தொடங்கிக் காற்றில் முடியும் குழாய் வண்டிக்கு எடையை மட்டுமே தரும்.

பற்றவைப்பின் சூடு இன்னொரு தொல்லை. மூடிய பகுதியின் வெளியே பற்றவைக்கும்போது உள்ளே இருந்த வண்ணமும் துருக்காப்பும் எரிந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத அந்த உட்பக்கத்தில்தான் அடுத்த மழைக்காலத்தில் துரு தொடங்கும். சிறு துளை வழியாக மெழுகு கலந்த துருக்காப்பை உள்ளே பீய்ச்சி, பிறகு துளையை ரப்பர் அடைப்பானால் மூடிவிட வேண்டும்.

மோதலின்போது

இதுவரை பேசியது அன்றாட ஓட்டத்தைப் பற்றி. மோதலில் கணக்கு மாறுகிறது. வண்டியின் முனைகள் நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்க வேண்டும், நடுவில் மனிதர் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்க வேண்டும் என்ற கருத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனி 1951-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மினியும் ஹெரால்டும் வந்த அதே 1959-இல்தான் மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ 111 என்ற கார் அந்தக் கருத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துச் சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்தச் சிந்தனையோடு வரையப்படவில்லை. ஆகவே அவற்றில் வெட்டி எறியக் கூடுதலாக எதுவும் வைத்திருக்கவில்லை. "பழைய வண்டி, இரும்பு கெட்டி" என்ற நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் கிடையாது.

கதவுக்குப் பின்னால் நிற்கும் நடுத்தூணில்தான் பெரும்பாலும் சீட்பெல்ட்டின் மேல்முனை பூட்டப்படும். தூணை அரை உயரத்தில் அறுத்துவிட்டு, பெல்ட்டைத் தரையிலோ இருக்கையிலோ பூட்டினால், மோதலில் அது தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். கூரையில்லாத வண்டி கவிழ்ந்தால் தலைக்கு மேலே மிஞ்சுவது முன்கண்ணாடிச் சட்டம் ஒன்றுதான். அதன் அடிமூலையில்தான் முன்னே சொன்ன விரிசல் இருந்தது. பந்தயக் கார்களில் உள்ளதுபோல் குழாய்க்கூண்டு வைத்துவிட்டால் விறைப்பும் பாதுகாப்பும் சேர்ந்தே வந்துவிடும் என்பார்கள். விறைப்பு வரும். ஆனால் தலைக்கவசம் இல்லாமல் சாலையில் ஓட்டுபவரின் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் வெறும் இரும்புக் குழாய் இருப்பதும் ஆபத்துதான்.

வெட்டியே தீர வேண்டும் என்றால்

இந்த வேலையைத் தெரிந்த ஒரு பொறியாளரிடம் முதலில் பளுப்பாதையை வரைந்து காட்டச் சொல்லுங்கள். எதை வெட்டுகிறோம், அதன் வேலையை எது ஏற்கப் போகிறது என்பதற்கு அவரிடம் பதில் இருக்க வேண்டும். உடலமைப்பை மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்ட, பதிவு விதிகளும் காப்பீடும் என்ன கேட்கின்றன என்பதையும் வெட்டிய பிறகல்ல, முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

துருவைச் சரிசெய்வது அடுத்தது. துருப்பிடித்த சில்லை வைத்துக்கொண்டு கூரையை வெட்டுவதைப்போல் அறிவற்ற செயல் இந்தத் துறையில் வேறில்லை.

பிறகு அளவெடுப்பு. கதவு வாயில் ஒவ்வொன்றிலும் எதிர்மூலைக்கு எதிர்மூலையாக இரண்டு அளவுகள், வலது இடது இரண்டிலும், ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வண்டி ஜாக்கியின்மேல் நடுவில் தொங்கக்கூடாது. சக்கரங்களில் நிற்பதுபோலவே சஸ்பென்ஷன் பூட்டப்படும் இடங்களில் தாங்கப்பட்டு, சமமட்டத்தில் நிற்க வேண்டும். கதவு வாயில்களின் குறுக்கே தற்காலிகமாகக் குழாய்களைப் பற்றவைத்து உடலைப் பூட்டிய பிறகே முதல் வெட்டு. இதைச் செய்யாமல் வெட்டினால் உடல் சில மில்லிமீட்டர் தொய்யும். அந்தத் தொய்வோடு வலுவூட்டியைப் பற்றவைத்துவிட்டால், கோணல் நிரந்தரமாகிவிடும், எந்த ஸ்பிரிங்காலும் அதைச் சரிசெய்ய முடியாது. வெட்டின் மூலைகள் எல்லாம் வட்டமாக முடிய வேண்டும்.

வேலை முடிந்து தற்காலிகக் குழாய்களை எடுத்த அன்று அதே எதிர்மூலை அளவுகளை மறுபடி எடுங்கள். பிறகு ஒரு சக்கரத்தை மட்டும் மரக்கட்டையின்மேல் ஏற்றி நிறுத்தி, கதவுகள் நான்கு விரல் தள்ளலில் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு, வெட்டிய மூலைகளையும் பற்றவைத்த கோடுகளையும் விளக்கொளியில் விரலால் தடவி, முடிக்கோடு ஏதும் தெரிகிறதா என்று தேடுங்கள். அந்த இடங்களில் புட்டியும் தடித்த வண்ணமும் பூசாமல், மெல்லிய ஒரு பூச்சோடு விட்டுவைத்தால்தான் கோடு தெரியும்.